புளித்த பாலும் குடலின் குடிகளும்

மனிதனுக்கு முதுமை வருவது காலத்தின் நியதியால் அன்று, அவனுடைய பெருங்குடலில் இரவும் பகலும் ஓயாமல் நடைபெறும் ஓர் அழுகலால்தான் என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு ருஷ்ய விஞ்ஞானி உலகத்துக்கு அறிவித்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட்டிருப்பார்கள்; சொன்னவர் இலியா மெச்னிகாவ் ஆகையால் காது கொடுத்துக் கேட்டார்கள். 1845-ஆம் வருஷம் கார்க்கோவ் நகரத்தை அடுத்த பிரதேசத்தில் பிறந்து, 1882-இல் சிசிலித் தீவின் மெசினாத் துறைமுகத்தில், ஒளி ஊடுருவும் உடலுடைய நட்சத்திர மீன் குஞ்சுகளின் மேல் முட்களைக் குத்தி வைத்து, மறுநாள் காலையில் அந்த முட்களைச் சுற்றி நடமாடும் உயிரணுக்கள் திரண்டிருப்பதைக் கண்டு, நோய்க்கிருமிகளை விழுங்கி ஒழிக்கும் அணுக்கள் பிராணிகளின் தேகத்திலேயே உண்டு என்ற பெரிய உண்மையை நிலைநாட்டியவர் அவர். நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

மெச்னிகாவின் சித்தாந்தம் சுருக்கமானது. பெருங்குடலில் வாசம் செய்யும் பாக்டீரியாக்கள் உணவின் மிச்சத்தை அழுகச் செய்து விஷப் பொருள்களை உண்டாக்குகின்றன. அந்த விஷம் இரத்தத்தில் கலந்து நாளங்களையும் நரம்புகளையும் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது. ஆகையால் அந்த அழுகலைத் தடுத்துவிட்டால் முதுமையும் தள்ளிப்போகும். தடுப்பது எப்படி? பால் புளித்துவிட்டால் அழுகுவதில்லை என்பது எல்லாத் தேசத்துக் குடியானவர்களுக்கும் தெரிந்த விஷயம்; பாலைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியா வயிற்றுக்குள்ளும் புகுந்து அதே அமிலத்தை அங்கேயும் உண்டாக்கினால் அழுகச் செய்யும் கூட்டம் அடங்கிவிடும் அல்லவா? பல்கேரியா தேசத்துக் கிராமங்களில் நூறு வயதை எட்டியவர்கள் அநேகர் என்றும், அவர்கள் நாள்தோறும் புளித்த பாலையே விரும்பி உண்பவர்கள் என்றும் கேள்விப்பட்டிருந்த அவருக்கு, 1905-இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் அந்தத் தயிரிலிருந்து ஒரு கோல் வடிவப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது பெரும் உற்சாகத்தை அளித்தது. முந்திய வருஷத்தில் முதுமையைப் பற்றி அவர் பாரிஸில் நிகழ்த்திய பிரசங்கமும், 1907-இல் வெளியிட்ட நூலும் பத்திரிகைகளில் பரவ, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்துக் கடைகளில் புளித்த பாலும், அதன் பாக்டீரியா அடங்கிய மாத்திரைகளும் விற்பனைக்கு வந்தன. லண்டனில் ஆர்பத்னாட் லேன் என்ற பிரசித்தி பெற்ற சத்திர வைத்தியர், தயிர் வேலை செய்யும் வரையில் காத்திருப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, இதே விஷ சித்தாந்தத்தை நம்பி நோயாளிகளின் பெருங்குடலையே அறுத்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்.

பல வருஷங்கள் புளித்த பாலை விடாமல் அருந்திவந்த மெச்னிகாவ் 1916-இல் தம்முடைய 71-ஆம் வயதில் இருதய நோயால் காலமானபோது பரிகசித்தவர்கள் உண்டு. ஒரு மனிதரின் ஆயுளைக்கொண்டு ஒரு கொள்கையை அளப்பது நியாயமாகாது. கொள்கையை அளந்தவர்கள் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த லியோ ரெட்கரும் ஹாரி செப்ளினும். அந்தப் பல்கேரியப் பாக்டீரியாவை எலிகளுக்கும் மனிதர்களுக்கும் தாராளமாகப் புகட்டிவிட்டு மலத்தில் தேடிப் பார்த்து, அது குடலில் நிலைகொள்வதே இல்லை என்று 1921-இல் அவர்கள் வெளியிட்டார்கள். பாலில் செழித்து வளரும் அது, மனிதக் குடலுக்கு அந்நியம். அதற்குப் பதிலாக, குடலிலிருந்தே எடுக்கப்பட்ட அசிடோஃபிலஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை அவர்கள் சிபாரிசு செய்தார்கள். பின்னால் வந்த வியாபாரம் முழுவதும் இந்த ஒரு திருத்தத்தின் வழியே நடந்தது என்று சொல்லலாம். இரைப்பையின் அமிலத்தையும் பித்த நீரையும் தாண்டி உயிரோடு பெருங்குடல் போய்ச் சேரக்கூடிய பாக்டீரியா எது என்பதே கேள்வி ஆயிற்று. ஜப்பானில், கியோட்டோ சர்வகலாசாலையில் வைத்திய ஆராய்ச்சி செய்துவந்த மினோரு ஷிரோட்டா, தொற்றுநோய்க்குக் குழந்தைகள் பலியாவதைத் தடுக்கும் நோக்கத்தோடு 1930-இல் அத்தகைய ஒன்றை வளர்த்தெடுத்து, 1935-இல் அதைப் பாலில் புளிக்கவைத்து யாகுல்ட் என்ற பெயரால் விற்கத் தொடங்கினார். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் 1919-இல் ஐசக் கராஸோ தம் மகனின் செல்லப் பெயரால் ஆரம்பித்த டானோன் தயிர் வியாபாரம் பிற்காலத்தில் பிஃபிடோபாக்டீரியா சேர்த்த தயிரைக் கொண்டுவந்தது. இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராக வழங்கும் புரோபயாட்டிக் என்பதற்கு, போதிய அளவில் உட்கொண்டால் உண்பவருக்கு ஆரோக்கிய நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று, 2001-இல் அர்ஜென்டினாவின் கார்டோபா நகரில் கூடிய உலக நிபுணர் குழு ஓர் இலக்கணம் வகுத்தது. உயிரோடிருக்க வேண்டும், அளவு போதியதாக இருக்க வேண்டும், நன்மை நிரூபணமாகியிருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளில் மூன்றாவதைத்தான் விளம்பரங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன.

இனி, நோய் நொடி இல்லாத ஒருவர், ஜீரணத்தில் குறை ஏதும் இல்லாதவர், கடையில் வாங்கிய ஒரு குப்பி புரோபயாட்டிக் பாலைத் தினமும் காலையில் குடித்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய குடலில் என்ன நடக்கிறது? பச்சிளம் சிசு, பேதியால் வாடும் குழந்தை, ஆன்டிபயாட்டிக் மருந்து தின்று குடல் வெறிச்சோடியவர் ஆகியோரின் விஷயம் வேறு. அதற்குப் பின்னால் வருவோம். இந்தப் பண்டங்களை வாங்குவோரில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர் ஆகையால், ஆரோக்கியமானவரைப் பற்றிய கேள்வியே முக்கியமானது. வெகு காலம் இதற்கு விடை சொல்ல வழியில்லாதிருந்தது. குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் மடிபவை, கண்ணாடித் தட்டில் வளர மறுப்பவை. வளர்க்காமலே, அவற்றின் மரபணுவைப் படித்து ஆள் அடையாளம் காணும் முறை வந்த பிறகே கணக்கெடுப்பு சாத்தியமாயிற்று.

கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தார் 2016-இல் மதிப்பிட்டபடி, 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதனின் தேகத்தில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வசிக்கின்றன. அவனுடைய சொந்த உயிரணுக்களோ 30 லட்சம் கோடிதான். அத்தனை பாக்டீரியாக்களையும் திரட்டி நிறுத்தால் கால் கிலோவுக்கும் குறைவு. அவற்றில் மிகப் பெரும் பகுதி இருப்பது பெருங்குடலில். அங்கே ஒரு மில்லி லிட்டரில் ஏறத்தாழ 10,000 கோடி. இப்போது, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 65 மில்லி லிட்டர் யாகுல்ட் குப்பியை எடுத்துக்கொண்டால், அதில் 650 கோடிக்கு மேல் பாக்டீரியா உண்டு என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கேட்பதற்குப் பிரம்மாண்டமான தொகை. ஆனால் வகுத்துப் பார்த்தால், குடியிருப்போர் ஏறக்குறைய 5,800 பேருக்கு வருகிறவர் ஒருவர் என்று ஆகிறது. அதுவும், ஒருவர் கூட வழியில் சாகாமல் எல்லோரும் போய்ச் சேர்ந்தால்.

எண்ணிக்கை மட்டும் தீர்ப்பாகிவிடாது என்பது மெய்தான். சிறுபான்மை பெருகிப் பெரும்பான்மையாகலாம். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவே அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஜெஃப்ரி கார்டனின் ஆய்வுக்கூடம், டானோன் நிறுவனத்து விஞ்ஞானிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பரிசோதனை நடத்தி 2011-இல் வெளியிட்டது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மிகவும் யோசித்துச் செய்யப்பட்டது இதுவே என்பது என் அபிப்பிராயம். ஒரே கருவிலிருந்து பிறந்த ஏழு ஜோடி இரட்டைச் சகோதரிகள். எல்லோரும் ஆரோக்கியமுள்ள பெண்கள். ஐந்து வகைப் பாக்டீரியா அடங்கிய புளித்த பாலை, நாளுக்கு இருமுறை, ஏழு வாரம் அவர்கள் உண்டார்கள். உண்பதற்கு முன் நான்கு வாரமும், நிறுத்திய பின் நான்கு வாரமும் அவர்களுடைய மலம் பரிசோதிக்கப்பட்டது. முன்னால் ஒரு மாதம் ஏன் என்றால், மனிதர்களின் குடல் நாளுக்கு நாள் தானாகவே சற்று மாறிக்கொண்டிருப்பது. அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தை அளந்துகொள்ளாமல் தயிரின் மேல் புகழையோ பழியையோ சுமத்த முடியாது. இரட்டையர் ஏன் என்றால், ஜன்மத்தால் வரும் வித்தியாசத்தை ஒதுக்கிவிடலாம் என்பதற்காக. அப்படியும் சகோதரிகள் இருவரின் குடல் பாக்டீரியாக்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முடிவு, பால் விற்பவர்களுக்கு உவப்பாக இருந்திராது. ஏறக்குறைய நான்கு மாத காலம் முழுவதும் பார்த்ததில், எந்தெந்த இனங்கள் எவ்வளவு என்ற விகிதாசாரத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் இல்லை. அந்தச் சமூகம் வைத்திருக்கும் மரபணுக்களின் தொகுப்பிலும் இல்லை. வழிப்போக்கர்கள் சத்திரத்துக்கு வந்து, தங்கி, போய்விட்டார்கள். ஊரின் ஜனத்தொகைக் கணக்கில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

பரிசோதனை இத்துடன் முடிந்திருந்தால் சாதாரணமான ஏமாற்றமாகப் போயிருக்கும். கார்டனின் கூட்டத்தார் அதே சமயத்தில், பிறப்பிலிருந்தே எந்தக் கிருமியும் அண்டாமல் கண்ணாடிப் பேழைகளில் வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில், மனிதர்களிடமிருந்து எடுத்த 15 இனப் பாக்டீரியாக்களை மட்டும் குடியேற்றி, அவற்றின் மேல் அந்த ஐந்து தயிர்ப் பாக்டீரியாக்களையும் விட்டுப் பார்த்தார்கள். அங்கும் 15 இனங்களின் விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஆனால் அவை செய்யும் வேலை மாறிற்று. எந்த மரபணு உறங்குகிறது, எது இயங்குகிறது என்று பார்த்தபோது, மாவுச்சத்துகளையும் தாவரத்தின் நார்ச் சர்க்கரைகளையும் உடைக்கும் நொதிகளின் உற்பத்தியில் தெளிவான வித்தியாசம் தெரிந்தது; வந்தவர்களில் நிலைத்து நின்ற பிஃபிடோபாக்டீரியமும், காய்கனிகளில் உள்ள ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலியை உண்பதற்கான தன் கருவிகளை வெளியே எடுத்துக்கொண்டது. பிறகு இரட்டைச் சகோதரிகளின் மாதிரிகளைத் திரும்பவும் எடுத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களிடமும் தாவரச் சர்க்கரைகளைப் பற்றிய அதே திசையில் மாறுதல் இருந்தது. உண்ணும் ஏழு வாரம் மட்டும் இருந்தது, நிறுத்தியதும் மறைந்தது.

ஆக, ஆட்கள் மாறுவதில்லை, தொழில் சற்று மாறுகிறது, அதுவும் விருந்து நடக்கும் வரையில்தான் என்று ஏற்படுகிறது. அந்தச் சிறு தொழில் மாற்றத்தால் உண்பவருக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு இந்தப் பரிசோதனை பதில் சொல்ல முற்படவில்லை; ஆனால் 'நல்ல பாக்டீரியாக்களைக் குடலில் பெருக்குகிறோம்' என்ற வாக்குறுதி எந்த அளவுக்குத் தவறான இடத்தில் கை வைக்கிறது என்பதை நன்றாகவே காட்டிவிட்டது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் சர்வகலாசாலையார் 2016-இல், ஆரோக்கியமானவர்களிடம் முறைப்படி நடத்தப்பட்ட ஏழு பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோதும், ஒன்றே ஒன்று நீங்கலாக மற்றவற்றில் மலத்தின் பாக்டீரியா அமைப்பில் வித்தியாசம் காணவில்லை.

ஏன் இப்படி? குடியிருப்போர் இடம் கொடுப்பதில்லை என்பதே காரணம். உண்ணத்தக்க ஒவ்வொரு சர்க்கரைக்கும் அங்கே ஏற்கெனவே உரிமைக்காரர் உண்டு. சுவரின் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளத்தக்க ஒவ்வொரு மூலைக்கும் உண்டு. மேலும் அவர்கள் வெளியிடும் அமிலங்களும் கொல்லிப் பொருள்களும் அந்நியரை வாழ விடுவதில்லை. இந்தக் கட்டுப்பாட்டை 1950-களிலேயே சிகாகோவில் மார்ஜரி போன்ஹாஃப், ஃபிலிப் மில்லர் முதலியோர் எலிகளில் கண்டுகொண்டார்கள்: சாதாரணமாக ஒரு லட்சம் சால்மொனெல்லாக் கிருமிகளைப் புகட்டினால்தான் நோய் பற்றும் எலிக்கு, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை முன்னால் கொடுத்துக் குடலைக் காலி செய்துவிட்டால், விரல்விட்டு எண்ணத்தக்க சில கிருமிகளே போதுமாயிருந்தன. நம்மைக் காலரா, டைபாய்டு முதலியவற்றிலிருந்து ஓரளவேனும் காக்கிற இந்தப் பிடிவாதந்தான், காசு கொடுத்து வாங்கிய நல்ல பாக்டீரியாவையும் வாசலில் நிறுத்துகிறது. ஆரோக்கியமான குடலில் புரோபயாட்டிக் வேரூன்றாமற் போவதை ஒரு குறையாகக் கருதுவது, ஆகையால், விஷயத்தைத் தலைகீழாகப் பார்ப்பதாகும்.

இதுவரை சொன்ன பரிசோதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. அவை மலத்தைப் பார்த்துக் குடலை ஊகித்தவை. வைஸ்மன் நிலையத்தின் எரான் எலினவ், எரான் செகல் ஆகிய இருவரின் கூட்டத்தார், ஊகிப்பதை விட்டுவிட்டு, தொண்டர்களின் வாய் வழியாகவும் ஆசன வழியாகவும் குழாய்களைச் செலுத்திக் குடல் சுவரிலிருந்தே மாதிரி எடுத்து 2018-இல் இரண்டு ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டார்கள். கொடுத்தது பால் அன்று, 11 வகைப் பாக்டீரியா அடங்கிய மாத்திரை. ஆயினும் விஷயம் ஒன்றே. மாத்திரை உண்ட எல்லோருடைய மலத்திலும் அந்தப் பாக்டீரியாக்கள் வந்துகொண்டிருந்தன. குடல் சுவரிலோ, சிலரிடம் அவை ஒட்டிக்கொண்டிருந்தன, மற்றவர்களிடம் அடையாளமே இல்லை. இடம் கொடுப்பவர், கொடாதவர் என்று மனிதர்கள் இரண்டு தரமாகப் பிரிந்தார்கள். யார் எந்தத் தரம் என்பதை, மாத்திரை கொடுப்பதற்கு முன்னாலேயே, அவர்களுடைய குடியிருப்புப் பாக்டீரியாக்களையும் குடல் சுவரின் மரபணு இயக்கத்தையும் கொண்டு ஓரளவு முன்கூட்டிச் சொல்லவும் முடிந்தது. ஒரே குப்பியை எல்லோருக்கும் விற்பது எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வி இங்கே எழாமல் இராது.

இரண்டாவது ஆய்வு இன்னும் சுவாரசியமானது, சற்றுக் கலக்கம் தருவதும்கூட. 21 தொண்டர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடலை வெறுமையாக்கிய பின், ஒரு பகுதியினரைத் தாமே தேறும்படி விட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் புரோபயாட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு, மருந்துக்கு முன் சேகரித்து வைத்திருந்த அவரவருடைய சொந்த மலத்தையே திரும்பக் குடலுக்குள் செலுத்தினார்கள். வாசகர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் இந்த மூன்றாவது பகுதியினரே சில நாள்களில் பழைய நிலைமைக்கு வந்துவிட்டார்கள். புரோபயாட்டிக் உண்டவர்களிடம், காலியான குடலில் புதியவர்கள் தாராளமாகவே குடியேறினார்கள். குடியேறி, பழைய குடிகள் திரும்பி வருவதை மாதக்கணக்கில் தாமதப்படுத்தினார்கள். மருந்தோடு தயிர் மாத்திரையும் எழுதிக் கொடுப்பதை வழக்கமாகக் கொண்ட வைத்தியர்கள் இதைப் படித்துத் திகைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை: ஆன்டிபயாட்டிக் மருந்தால் வரும் பேதியைப் புரோபயாட்டிக் தடுக்குமா என்று 11,811 பேரிடம் நடந்த 63 பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்த ஓர் ஆராய்ச்சி, பேதி வரும் வாய்ப்பு 42 சதவிகிதம் குறைகிறது என்று 2012-இல் வெளியாகியிருக்கிறது. பேதி நிற்பது ஒன்று, பழைய குடிகள் திரும்புவது வேறொன்று. இரண்டும் ஒரே உடம்பில் எதிர் எதிராக நடக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை.

எந்த அந்நியனும் ஒருபோதும் நிலைக்க மாட்டான் என்று நினைத்துவிடவும் கூடாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதக் குடலுக்கே உரிய பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற இனத்தின் ஒரு வகையை 23 ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், பத்தில் மூன்று பேரிடம் அது குறைந்தது ஆறு மாதம் நிலைத்திருந்தது. அந்தப் பகுதியினரிடம் மட்டும் ஏன்? அவர்களுடைய குடலில் முன்பே அதே இனத்தைச் சேர்ந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். அந்த இனம் உண்ணும் சர்க்கரைகளை உண்பதற்கு வேறு போட்டியும் குறைவாக இருந்தது. காலி இடம் இருந்தது, வந்தவன் அந்த இடத்துக்குப் பொருத்தமானவனாகவும் இருந்தான். பாலில் வளர்ந்து பழகிய பாக்டீரியாவுக்கு இந்தப் பொருத்தம் அபூர்வமாகவே வாய்க்கிறது.

காலி இடம் இயற்கையாகவே இருப்பது பச்சிளம் குழந்தையிடம். தாய்ப்பால் குடிக்கும் சிசுவின் மலத்தில் இரு கிளையாகப் பிரியும் விசித்திரமான பாக்டீரியாவை, மெச்னிகாவின் அதே பாஸ்டர் நிலையத்தில் ஆன்ரி டிஸியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலேயே கண்டிருந்தார். ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஒருவகை லாக்டோபாசிலஸை அதற்கு உணவாகும் சர்க்கரையோடு சேர்த்து ஏழே நாள் கொடுத்ததில், இரத்தத்தில் நச்சுக் கிருமி பரவுவதும் மரணமும் சேர்ந்து 100-க்கு 9 என்பது 5.4 ஆகக் குறைந்தது. கொல்கத்தாவின் ஒரு குடிசைப் பகுதியில், ஐந்து வயதுக்கு உட்பட்ட 3,758 குழந்தைகளிடம், ஷிரோட்டாவின் பாக்டீரியா அடங்கிய பானத்தைப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்ததில் பேதி 14 சதவிகிதம் குறைந்தது. முதலாவது பெரிய வெற்றி. இரண்டாவது சிறியது, ஆனால் உண்மையானது. இவற்றை எடுத்து, சென்னையில் குளிர்சாதன அறையில் அமர்ந்து வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரரின் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் காட்டுவதுதான் தவறு.

மேல்நாட்டு அதிகாரிகள் இந்தத் தவற்றைக் கவனிக்காமல் இல்லை. டானோன் நிறுவனம் தன் தயிர் மலச்சிக்கலைப் போக்கும் என்றும், பால் பானம் ஜலதோஷத்தைத் தடுக்கும் என்றும் செய்த விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையமும் 39 மாநிலங்களும் வழக்குத் தொடுத்ததன் பேரில், அது 2010-இல் அந்த வாக்குறுதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மாநிலங்களுக்கு 210 லட்சம் டாலர் செலுத்திச் சமாதானம் செய்துகொண்டது. அதே வருஷத்தில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், விண்ணப்பித்திருந்த புரோபயாட்டிக் வாக்குறுதிகளில் பெரும்பாலானவற்றை நிராகரித்துவிட்டு, ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டது. அந்த ஒன்று, எந்தக் கம்பெனியின் விசேஷப் பாக்டீரியாவையும் பற்றியதன்று. சாதாரணத் தயிரின் பாக்டீரியா, கிராமுக்குக் குறைந்தது 10 கோடி வீதம் உயிரோடிருந்தால், பால் சர்க்கரை ஜீரணமாகாதவர்களுக்கு அதை ஜீரணிக்கத் துணை செய்கிறது என்பது.

இது விசித்திரமாகத் தோன்றலாம். குடலில் தங்காது என்று ரெட்கர் தள்ளிவிட்ட அந்தப் பல்கேரியப் பாக்டீரியாவும் தயிரின் பாக்டீரியாக்களில் ஒன்று. அதற்கா இந்தச் சான்றிதழ்? ஆம், ஏனென்றால் இந்த உபகாரத்துக்குத் தங்க வேண்டிய அவசியமே இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதி அந்தப் பாக்டீரியாவின் உடலுக்குள்ளே இருக்கிறது. சிறுகுடலில் பித்த நீர் பட்டுப் பாக்டீரியா சிதையும்போது அந்த நொதி வெளிப்பட்டுத் தன் வேலையைச் செய்துவிடுகிறது. 1984-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள், லாக்டோஸ் ஜீரணிக்காத பத்துப் பேருக்குப் பாலையும் தயிரையும் தனித்தனியே கொடுத்து, அவர்களுடைய மூச்சில் வரும் ஹைட்ரஜன் வாயுவை அளந்தார்கள். ஜீரணமாகாத சர்க்கரை பெருங்குடலில் நொதிப்பதற்கு அந்த வாயுவே அடையாளம். தயிர் உண்டபோது அது, பால் குடித்தபோது இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. தென்னிந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பால் சர்க்கரை சரியாக ஜீரணமாவதில்லை என்று ஆய்வுகள் கூறும் நிலையில், ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்புசம் கொள்ளும் நம்மவர் பலர் ஒரு கிண்ணம் தயிரை நிம்மதியாகச் சாப்பிடுவதன் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

வீட்டில் உறை ஊற்றிய தயிரைப் புரோபயாட்டிக் என்று சொல்லலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கார்டோபா இலக்கணத்தின்படி சொல்ல முடியாது. நேற்றைய மோரில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம் மாறும், அதன் நன்மையைத் தனியே நிரூபித்துக் காட்டவும் யாரும் முன்வருவதில்லை. ஆனால் உயிருள்ள பாக்டீரியா அதில் ஏராளம்; லாக்டோஸ் விஷயத்தில் கடைக்குப்பிக்கு அது இளைத்ததன்று; சர்க்கரை கரைத்த இனிப்புப் பானமும் அன்று. கொதிக்கும் மோர்க்குழம்பில் பாக்டீரியா பிழைக்காது என்பதையும், ஆவி பறக்கும் சோற்றில் பிசைந்தால் பெரும்பகுதி மடிந்துபோகும் என்பதையும், புளித்த மாவின் பாக்டீரியாக்கள் இட்லிப் பானையைத் தாண்டி வருவதில்லை என்பதையும் மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஆரோக்கியமானவருக்குத் தயிராலோ புரோபயாட்டிக்காலோ கெடுதல் இல்லை. ஆனால் கடுமையான கணைய அழற்சி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த 296 நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான பரிசோதனையில், புரோபயாட்டிக் பெற்றவர்களில் 100-க்கு 16 பேரும் பெறாதவர்களில் 6 பேரும் இறந்ததால், தீவிர நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுப்பது வைத்தியரின் உத்தரவின்றிச் செய்யத்தகாத காரியம்.

புளித்த உணவுக்கு ஆதரவாக அண்மையில் வந்தவற்றுள் மிகவும் பேசப்பட்டது, 2021-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் கிறிஸ்டபர் கார்ட்னர், ஜஸ்டின் சொன்னன்பர்க் முதலியோர் வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமான 36 பேரில் பாதிப் பேர் பத்து வாரம் நார்ச்சத்து மிகுந்த உணவை உண்டார்கள். மற்றப் பாதி தயிர், கேஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா, ஊறவைத்த காய்கறிகளின் உப்புநீர் என்று புளித்தவற்றை உண்டார்கள். நார்ச்சத்து உண்டவர்களிடம் அந்தப் பத்து வாரத்தில் பாக்டீரியா இனங்களின் பன்மை கூடவில்லை. புளித்தவற்றை உண்டவர்களிடம் கூடிற்று, இரத்தத்தில் அழற்சியைக் குறிக்கும் 19 புரதங்களும் குறைந்தன. கூடிய இனங்களில் பெரும்பாலானவை அந்த உணவிலிருந்து வந்தவை அல்ல என்பதுதான் வேடிக்கை. வந்தவர்கள் தாம் தங்காமல், வேறு யாருக்கோ வழி திறந்துவிட்டாற்போல் இருக்கிறது. இந்த முடிவை எடுத்துத் தம் குப்பிகளின் மேல் ஒட்டிக்கொள்ள வியாபாரிகள் பலர் ஆசைப்படுவார்கள். ஆனால் அதில் பங்குகொண்டவர்கள் உண்டது நாளொன்றுக்குச் சராசரி ஆறு வேளைப் பங்குக்கும் மேல். காலையில் ஒரு கிண்ணம் தயிர், மத்தியானம் மோர், இரவு தயிர்ச்சோறு என்று மூன்று வேளையும் அதையே நம்பி வாழ்கிறவர்கூட அந்த அளவில் பாதியைத்தான் எட்டுவார், 65 மில்லி லிட்டர் குப்பியைக் குடிக்கிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.